மல்டி குக்கர்: படத்தில் வராத விஷயங்கள்

“அரிசிம்பருப்பு சாதம், பதினைந்தே நிமிஷம், கொஞ்சமும் அடிப்பிடிக்கல.” சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு இப்படி ஒரு செய்தி வந்தால் போதும், சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு வீடுகளில் அடுத்த ஞாயிறுக்குள் நாலு பேராவது செய்து பார்த்துவிடுகிறார்கள். சமையல் மேடையில் வைத்து ப்ளக்கில் செருகும் மல்டி குக்கர் அந்த அளவுக்குப் பரவிவிட்டது. நல்லதுதான். ஆனால் படத்தில் வருவது வெந்த சோறு மட்டும். எந்தக் குக்கர், எத்தனை லிட்டர், எதுவரை நிரப்பினார்கள், ஆவியை எப்படி இறக்கினார்கள் என்பதெல்லாம் அதில் வருவதில்லை. கை சுடுவது பெரும்பாலும் அந்தச் சொல்லாத இடத்தில்தான்.

அடுப்பில் ஏற்றும் நம் குக்கர் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 கிலோ அழுத்தத்தில், ஏறக்குறைய 120 டிகிரி வெப்பத்தில் வேகவைக்கிறது. மின் குக்கர்களில் பலவற்றில் அழுத்தம் இதைவிடச் சற்றுக் குறைவு; விசிலும் அடிக்காது. ஆகவே ‘நாலு விசில்’ கணக்கை நிமிஷமாக மாற்றும் பொதுவான சூத்திரம் கிடையாது. கொள்ளு வெந்ததா என்று பார்க்கும் அவசரத்தில் மூடியை வலுக்கட்டாயமாகத் திருகக் கூடாது. கரண்ட் போனாலும் உள்ளே அழுத்தம் அப்படியே இருக்கும். மூடிமேல் உள்ள பின் தானாக இறங்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

பொதுவாக மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. ஊறி உப்பும் அரிசி, பயறு வகைகளுக்குப் பாதிதான் எல்லை. நம் பக்கத்து ஜவ்வரிசிக்குத் தனி எச்சரிக்கை உண்டு. அதன் மாவுச்சத்து நுரைத்துப் பொங்கி ஆவித்துளையை அடைத்துவிடும். பாயசத்துக்கு அதைத் திறந்த பாத்திரத்தில் வேகவைப்பதே மேல்.

குச்சிக்கிழங்கு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மரவள்ளி என்றும் சொல்லப்படும் இந்தக் கிழங்கில் இயற்கையாகவே சயனைடு தரும் பொருள் உண்டு. ஜவ்வரிசி ஆலைக்கென்று வளர்க்கும் சில ரகங்களில் அது கூடுதல். தோலைச் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் திறந்து வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது பழைய வழக்கம். ஆவியோடும் தண்ணீரோடும் நஞ்சு போய்விடுவதால் அந்த வழக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடிப்போட்டு, அந்தத் தண்ணீரோடு சாப்பிடச் சொல்லும் குறிப்பை, யார் அனுப்பியிருந்தாலும், ஒதுக்கிவிடுங்கள். ராஜ்மாவை ‘ஸ்லோ குக்’ முறையில் மட்டும் வேகவைப்பதும் அப்படித்தான். அதன் நச்சு அழிய நன்றாகக் கொதிக்க வேண்டும். மிதமான சூட்டில் அது அழியாது.

நாம் சரியாகச் செய்தும் கருவியே சரியில்லை என்றால்?

2025 மே மாதம் அமெரிக்காவில் ஷார்க்நிஞ்சா நிறுவனம் தன் ஃபூடி மல்டி குக்கர்கள் சுமார் 18 லட்சத்தைத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு வந்தது. உள்ளே அழுத்தம் இருக்கும்போதே மூடி திறந்துகொள்ள வாய்ப்பிருந்தது; நூற்றுக்கும் மேற்பட்ட தீக்காயப் புகார்கள் பதிவாகியிருந்தன.

இந்தியாவில் வீட்டு பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 பிப்ரவரி 1 முதல் கட்டாயம். தர எண் ஐ.எஸ். 2347. அதற்குப் பிறகும் முத்திரை இல்லாத குக்கர்கள் ஆன்லைனில் விற்றன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் அமேசான், ஃபிளிப்கார்ட், பேடிஎம் மால் ஆகியவற்றுக்குத் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அமேசான் மூலம் விற்ற 2,265 குக்கர்களையும் திரும்பப் பெற்று, வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, பணத்தைத் திருப்பித் தர உத்தரவிட்டது. நாங்கள் இடைத்தரகர் மட்டுமே என்ற வாதம் எடுபடவில்லை. ஒவ்வொரு விற்பனையிலும் கட்டணம் வாங்கிவிட்டுப் பொறுப்பில்லை என்று சொல்ல முடியாது என்றது ஆணையம். ஒரு லட்சம் அந்த நிறுவனங்களுக்குக் காசே இல்லைதான். ஆனாலும் திரும்பப் பெறச் சொன்ன உத்தரவு பெரிய விஷயம்.

வாங்கும்போது முத்திரையோடு மேலே உள்ள ஐ.எஸ். எண்ணையும் கீழே ‘சி.எம்./எல்.’ என்று தொடங்கும் உரிம எண்ணையும் பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் உண்மையா என்று தெரிந்துவிடும். ப்ளக் மூன்று முள் கொண்டதாக இருக்கட்டும். இண்டக்ஷன் அடுப்பு ஓடும் எக்ஸ்டென்ஷன் பெட்டியிலேயே இதையும் செருக வேண்டாம்.

விபத்து நடந்துவிட்டால் முதலில் சிகிச்சை. குக்கரைக் கழுவித் துடைத்துவிட வேண்டாம், எடைக்கும் போட வேண்டாம்; அதுதான் சாட்சி. புகாரை விசாரிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்ல முடியும். சர்வீஸ் சென்டர் கேட்டாலும் படம் எடுத்துக்கொண்டு, எழுத்தில் ரசீது வாங்கிய பிறகே கொடுங்கள். பில், மருத்துவமனைச் சீட்டு, மாடல் எண் எல்லாவற்றையும் ஓரிடத்தில் வையுங்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளால் காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டால் தயாரிப்பாளரிடமும், சில சூழல்களில் விற்றவரிடமும் இழப்பீடு கேட்க வழி தருகிறது. கருவியை மாற்றியமைத்திருந்தால், தவறாகப் பயன்படுத்தியிருந்தால் விற்றவர் தப்பிக்க வழியுண்டு. கடைவீதியில் மலிவாகக் கிடைக்கும் ஏதோவொரு கேஸ்கட்டை மாட்டுவதை நான் வேண்டாம் என்பது அதற்காகவும்தான். நிறுவனம் டெல்லியில் இருக்கலாம்; நீங்கள் குடியிருக்கும் சேலத்திலோ நாமக்கல்லிலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கெடு 2 ஆண்டு. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. ஆன்லைனில் வாங்கியதாக இருந்தால் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020-ம் ஆண்டு மின்வணிக விதி.

சமைத்துப் பகிர்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குக்கர் இலவசமாக வந்திருந்தாலோ பணம் வாங்கியிருந்தாலோ, அதைப் பார்ப்பவர்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது 2023 ஜனவரியில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல். தவறான விளம்பரம் என்று தீர்மானமானால், அதில் தோன்றிப் பரிந்துரைத்தவருக்கே 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம். காசு வாங்காமல் எழுதுகிற அக்காமார் பயப்பட வேண்டியதில்லை. குக்கரின் லிட்டர் அளவு, போட்ட தண்ணீர், ஆவி இறக்கிய விதம் மூன்றையும் சேர்த்து எழுதினால் போதும். பொருள் மோசம் என்றாலும் தாராளமாக எழுதலாம். நடந்ததை நடந்தபடி, பில்லும் படமும் கையில் வைத்துக்கொண்டு.

எங்கே தொடங்குவது என்று புரியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள்.