பருப்பு தீர்ந்தால் கல்யாணம்

தண்ணீரைப் பச்சையாக்கும் நுண்பாசிகளில் ஒன்று கிளமிடோமோனாஸ். உடல் முழுக்க ஒரே செல். அகலம் மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. சாப்பாடு இருக்கும்வரை துணை தேடாது. தானே பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும்.

முதலில், தண்ணீரில் நைட்ரஜன் தீர வேண்டும். நைட்ரஜன் இல்லாமல் புரதம் இல்லை. சமையலறையில் பருப்பு டப்பா காலியான நிலைமை. உடனே செல் சிக்கனத்தில் இறங்குகிறது. புரதம் சமைக்கும் பாத்திரங்களான ரைபோசோம்கள் பலவற்றை உடைத்து, அந்தச் சரக்கை வைத்தே கேமீட்டாக, அதாவது இனச்செல்லாக மாறுகிறது.

கேமீட்டில் கூட்டல், கழித்தல் என இரண்டு வகை. சாதாரண நுண்ணோக்கியில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது: கிண்ண வடிவில் ஒரு பசுங்கணிகம், வெளிச்சத்தின் திசையறிய ஒரு கண்புள்ளி, முன்னால் இரண்டு கசையிழைகள். கசையிழையைக் குறுக்கே வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், இடியாப்ப அச்சின் துளைகள்போல, சுற்றிலும் ஒன்பது இரட்டைக் குழல்கள், நடுவில் இரண்டு ஒற்றைக் குழல்கள்.

அடுத்து, எதிரெதிர் வகைகளின் கசையிழைகள் உரசியதும் அவற்றின் மேலுள்ள புரதங்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய செய்தி உள்ளே போகிறது. ஒரு நொதி செல்சுவரைக் கரைக்க, இரண்டும் சுவரை விட்டு வெளியே வருகின்றன.

வித்தியாசம் இப்போதுதான் தெரியும். கசையிழைகளின் அடிப்பகுதிக்குப் பக்கத்தில், சவ்வை ஒட்டி உள்ளே ஒரு சின்னத் தட்டு இருக்கிறது. கூட்டல் கேமீட்டில் அங்கிருந்து ஆக்டின் என்ற புரதத்தின் இழைகள் கற்றையாகக் கிளம்புகின்றன. அச்சைப் பிழிந்தால் இடியாப்பம் இறங்குமே, அதுபோல. ஆனால் இந்த இழைகள் சவ்வையும் தள்ளிக்கொண்டு ஒரு குழாயாக நீள்கின்றன. கழித்தல் கேமீட்டில் ஒரு சிறு மேடு மட்டும்தான். குழாயின் நுனி மேட்டைத் தொட்டதும் சவ்வுகள் இணைய, இரண்டு செல்லும் ஒன்றாகின்றன.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. அந்தத் தட்டு, கூட்டலில் கண்புள்ளிக்கு எதிர்ப்பக்கம். கழித்தலில் கண்புள்ளி இருக்கும் பக்கம். அதனால் சேர்ந்த பிறகு இரண்டு கண்புள்ளிகளும் ஒரே பக்கம் அமைகின்றன. நான்கு கசையிழைகளோடு நீந்தினாலும் வழி தடுமாறாது.

சில மணி நேரத்தில் கசையிழைகள் போய்விடும். சேர்ந்த செல் தடித்த சுவருள்ள சைகோஸ்போராக மாறும். அது வறட்சியைத் தாங்கி மண்ணில் கிடக்கும். 1945-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ஓர் உருளைக்கிழங்கு வயல் மண்ணிலிருந்து எடுத்த சைகோஸ்போரின் வாரிசுகள்தான் இன்று ஆய்வகங்களில் பெரும்பாலும் வளர்கின்றன.

கழித்தல் கேமீட்டின் மேட்டில் சவ்வுகளை இணைக்கும் ஹேப்2 என்ற புரதம், மலேரியாக் கிருமியின் ஆண் கேமீட்டிலும் இருக்கிறது. அதைத் தடுத்தால் கொசுவுக்குள் அந்தக் கிருமி பெருக முடியாது. மலேரியாவைத் தடுக்க வழி தேடுபவர்கள் இந்தப் பாசியையும் படிப்பது அதனால்தான்.