நிறம் பார்க்கும் சகோதரத்துவம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சர்வகலாசாலைகளில் கிரேக்க எழுத்துக்களைப் பெயராகத் தாங்கிய மாணவர் சங்கங்கள் அநேகம் உள. ஆண்களுடையது சகோதர சங்கம். பெண்களுடையது சகோதரி சங்கம். கூடி வசிக்க மாளிகை, பட்டம் பெற்றபின் உத்தியோகத்திலும் வியாபாரத்திலும் அரசியலிலும் கைகொடுக்கப் பழைய அங்கத்தினர் ஆகியவை இவற்றின் பலம். ஆகவே இங்கே யார் சேர்க்கப்படுகிறார், யார் தள்ளப்படுகிறார் என்பதை வாலிபர் விளையாட்டென்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

வெள்ளையருக்கும் கிறிஸ்தவருக்கும் மட்டுமே இடமென்று பல சங்கங்கள் தங்கள் விதிகளிலேயே பகிரங்கமாக எழுதி வைத்திருந்தன. பூரண 'ஆரிய இரத்தம்' வேண்டுமென்று எழுதிய சங்கமும் உண்டு! அந்த இரத்தத்தைச் சோதித்தறியும் வித்தை யாது என்பதை மட்டும் அவ்விதி கூறவில்லை.

விலக்கப்பட்டவர் கைகட்டி நிற்கவில்லை. 1906-ல் கார்னெல் சர்வகலாசாலையில் கறுப்பு மாணவர் எழுவர் ஆல்பா பை ஆல்பா சங்கத்தை ஸ்தாபித்தனர். 1908-ல் வாஷிங்டனிலுள்ள ஹோவர்ட் சர்வகலாசாலையில் ஆல்பா கப்பா ஆல்பா என்னும் சகோதரி சங்கம் பிறந்தது. மார்ட்டின் லூதர் கிங் முன்னதைச் சேர்ந்தவர். சென்னையிற் பிறந்த சியாமளா கோபாலனின் புதல்வியும், 2021 முதல் 2025 வரை உபஜனாதிபதியாக இருந்தவருமான கமலா ஹாரிஸ் பின்னதைச் சேர்ந்தவர். கறுப்பரும் தனிச் சங்கம் வைத்திருக்கின்றனரே, வெள்ளையரை மட்டும் குறை கூறுவானேன் என்று கேட்போர் உளர். கதவைச் சாத்தியவனையும், சாத்திய கதவின் முன் நின்று சலித்துத் தனக்கென வேறு வீடு கட்டிக்கொண்டவனையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமாகாது.

வெள்ளை வாலிபர் எல்லோரும் இவ்வநீதிக்கு உடந்தையாயிருந்தனர் என்று சொல்வதும் தவறு. 1948-ல் ஆம்ஹர்ஸ்ட் கலாசாலையின் பை கப்பா சை கிளையார் கறுப்பு மாணவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தனர். விலக்கும்படி தலைமைச் சங்கம் வற்புறுத்திற்று, கிளையார் இணங்கவில்லை, கிளையே நீக்கப்பட்டது. அவர்கள் தனிச் சங்கமாகவே நின்று அம்மாணவரை வைத்துக்கொண்டனர். 1953-ல் நியூயார்க் ராஜ்ய சர்வகலாசாலையின் நிர்வாக சபையார், நிறமோ மதமோ காரணமாக எவரையும் விலக்கலாகாதென்றும் வெளித் தலைமைச் சங்கங்களுடன் தொடர்பு கூடாதென்றும் உத்தரவிட்டனர். மறு வருஷம் நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. நாளடைவில் பிற சங்கங்களின் விதிப் புத்தகங்களிலிருந்தும் நிற வாசகம் மறைந்தது.

மறைந்தது வாசகமே, வழக்கம் அன்று. ஆள் சேர்ப்பது கதவடைத்து எடுக்கும் ரகசிய வோட்டால். பழைய அங்கத்தினரின் சிபாரிசுக் கடிதம் இல்லாவிடில் பெயரே பரிசீலனைக்கு வராத இடங்களும் இருந்தன. தாயும் பாட்டியும் அங்கத்தினராயிருந்தால் பெண்ணுக்குச் சலுகை இருந்தது. தாயையும் பாட்டியையும் விதியே விலக்கியிருந்தபோது கறுப்புப் பெண் இச்சலுகைக்கு எங்கே போவாள்? எழுத்திலில்லாத இவ்வேற்பாட்டை எந்த நீதிமன்றத்தில் காட்டி வழக்காடுவது?

அலபாமா சர்வகலாசாலையின் விஷயத்தைப் பாருங்கள். 1963-ல் கவர்னர் வாலஸ் கறுப்பு மாணவர் இருவரைத் தடுக்கத் தாமே அதன் வாயிலில் நின்றார்; சமஷ்டி அரசாங்கத்தின் தலையீட்டால் விலக நேர்ந்தது. சரியாக ஐம்பது வருஷம் கழித்து, 2013 செப்டம்பரில், அங்குள்ள மாணவர் பத்திரிகை ஒரு செய்தியை வெளியிட்டது. படிப்பிலும் குணத்திலும் சிறந்த கறுப்பு மாணவி ஒருவரை வெள்ளைச் சகோதரி சங்கங்கள் நிராகரித்தன. சேர்க்க விரும்பிய இளம் அங்கத்தினரையும் பழைய அங்கத்தினர் தடுத்தனர். இதைப் பத்திரிகைக்குச் சொன்னவர்களில் அச்சங்கத்துப் பெண்களும் இருந்தனர். அவர்கள் தைரியத்தை நாம் மெச்சுகிறோம். மாணவரும் ஆசிரியரும் ஊர்வலம் சென்றனர். சர்வகலாசாலைத் தலைவி சேர்க்கையை மீண்டும் திறக்க உத்தரவிட்டார். கறுப்பு மாணவிகள் சிலர் சேர்க்கப்பட்டனர்.

சங்க வோட்டு அச்சர்வகலாசாலையின் மாணவர் அரசாங்கத்தையும் வெகுகாலமாக ஆட்டி வைத்தது. அதன் தலைமைக்கு முதன்முதலாகக் கறுப்பர் ஒருவர் வந்தது 1976-ல். இரண்டாமவர் வந்தது 2015-ல்.

2020-ல் மினியாபொலிஸில் ஜார்ஜ் பிளாயிட் போலீஸாரால் கொல்லப்பட்டபின் எழுந்த கிளர்ச்சியில், சங்கங்களையே கலைத்துவிட வேண்டுமென்று அவற்றின் அங்கத்தினர் சிலரே கோரினர். அதையடுத்துச் சகோதரி சங்கங்கள் பல குடும்பச் சலுகையைக் கைவிட்டன. ரகசிய வோட்டு மட்டும் பொதுவாக ஒழியவில்லை.