கொழுஞ்சியும் அதன் பல பெயர்களும்

வரப்போரத்திலும் மேய்ச்சல் தரையிலும் மணற்பாங்கான தரிசிலும் தானே முளைத்துத் தழைக்கும் கொழுஞ்சிச் செடியை அறியாத உழவர் அரியர். ஆயினும் அதன் பெயர் இடத்துக்கு இடம் மாறுகிறது. கொழுஞ்சி என்பார் சிலர். கொழிஞ்சி என்பார் சிலர். சித்த வைத்தியர்கள் கொள்ளுக்காய் வேளை என்பர். யாழ்ப்பாணத்தார் காவிளாய் என்பர். மலையாளத்தில் கொழிஞ்ஞில் என்றும், தெலுங்கில் வெம்பலி என்றும், வடமொழியில் சரபுங்கம் என்றும் இது வழங்கும்.

இப்பெயர்களுள் சில காரணம் பற்றி எழுந்தவை. தட்டையாகச் சற்றே வளைந்திருக்கும் காய் கொள்ளின் காயை ஒத்திருப்பதால் கொள்ளுக்காய் என்னும் சொல் சேர்ந்தது. சரம் என்பது அம்பு. புங்கம் என்பது அம்பின் இறகு கட்டிய அடிப்பாகம். சிற்றிலையின் நுனியைப் பற்றி இழுத்தால் அது குறுக்கே நேராக அறாமல், அம்பின் இறகுபோலக் கூரிய பிளவாக அறும். இதனைக் கண்டவரே வடமொழிப் பெயரை இட்டனர் எனலாம்.

பெயர்கள் பலவாக இருப்பது குற்றமன்று. ஆனால் ஒரு செடியின் பெயர் மற்றொன்றைச் சுட்டும்போதுதான் நட்டம் நேர்கிறது. நல்வேளை, தைவேளை என்பவையும் 'வேளை' என்று பெயர் பெற்றவையே. எனினும் அவை வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. கொழுஞ்சியோ அவரைக் குடும்பத்தது. வேர் முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்து நிலத்துக்கு அளிப்பது. வேளை என்ற சொல்லை மட்டும் நம்பி விதை வாங்குவோர் இப்பயனை இழப்பர்.

நெசவாளர்களுக்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இலையின் தோற்ற ஒற்றுமையால், ஆங்கிலத்தில் இச்செடியைக் காட்டு அவுரி என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். நூலுக்கு நீலச் சாயம் தரும் அவுரி வேறு, இது வேறு. அவுரியின் காய் மெலிந்து உருண்டிருக்கும். கொழுஞ்சியின் காய் தட்டையானது. சாயத்துக்கென இலை கொள்வோர் காயையும் பார்த்தே கொள்ளுதல் வேண்டும்.

பசுந்தாள் உரமாகக் கொழுஞ்சி பெரிதும் பயன்படும். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும். விதைத்தோல் கடினமானதால், மணலுடன் சேர்த்துத் தேய்த்து விதைத்தால் முளைப்பு நன்றாகும். கால்நடைகள் இதனை விரும்பி மேயா. உதிர்ந்த விதை நிலத்திலே தங்கி அடுத்த பருவத்திலும் முளைப்பதால், ஆண்டுதோறும் விதைக்கும் செலவும் குறையும்.

உலகெங்கும் ஒரே செடியைக் குறிக்கும் பெயர் தாவர நூற்பெயர் ஒன்றே. கொழுஞ்சிக்கு அது 'டெப்ரோசியா பர்பூரியா' என்பதாகும். சாம்பல் நிறம் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லும், ஊதா நிறம் என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லும் இணைந்தது அது. அவுரிக்கோ 'இண்டிகோபெரா டிங்டோரியா' என்பது பெயர்.

ஆகவே, அங்கத்தினர்கள் கூட்டாக விதை வாங்கும்போது ஊர்ப்பெயருடன் தாவரப் பெயரையும் கேட்புச் சீட்டில் எழுதுவது நலம். வயலில் ஐயம் எழுந்தால் ஒரு சிற்றிலையைக் கிள்ளி இழுத்துப் பார்க்கலாம். அம்பின் இறகுபோல் அறுந்தால் கொழுஞ்சியெனத் துணியலாம். முன்னோர் வைத்த பெயர்களையும் மறவாது பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். ஒவ்வொன்றும் செடியின் ஒரு குணத்தைக் காட்டுவதாகலாம்.