மயில் வருமுன் கூடு தயாராகட்டும்



கோயில் திருவிழாக் கூட்டம் என்றால், “ஒரு சோடி மயில் வாங்கி விடலாமே, பிள்ளைங்க பார்த்துச் சந்தோஷப்படுமே” என்று யாராவது சொல்லத்தான் செய்வாங்க. நல்ல ஆசைதான். ஆனால், மயில் வாங்குவது ஒரு நாள் வேலை. காப்பாற்றுவது 15, 20 வருஷத்து வேலை. அவ்வளவு காலம் வாழும் பறவை அது.

தமிழ்நாட்டு விராலிமலையில் மயிலுக்குக் கூண்டு கிடையாது. முருகன் கோயில் மலையில் தன்னிஷ்டத்துக்குத் திரியும். இங்கே நாய், முசாங், மலைப்பாம்பு எல்லாம் சும்மா விடுமா? அடைத்துத்தான் வளர்க்க வேண்டும்.

ஒரு சேவலுக்கும் இரண்டு பேடைக்கும் 20 அடி நீளம், 15 அடி அகலம், 8 அடி உயரமாவது வேண்டும். சேவலின் தோகையே 4, 5 அடி வரும். அதனால் 5 அடி உயரத்தில், கம்பி வலையை விட்டுத் தள்ளி, 4 அங்குல அகலப் பலகையைக் குறுக்கே கட்டுங்கள். உரசினால் தோகை துடைப்பக்கட்டையாகிவிடும். மேலேயும் வலை போட்டு, ஒரு பக்கம் தகரக் கூரை போடுங்கள். அடி வலையை ஒன்றரை அடி புதைத்தால் நாய் தோண்டி நுழையாது.

நம்ம ஹுத்தான் மெலிந்தாங், பெர்ணம் ஆற்றோரத் தாழ்ந்த பூமி. மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். மண் மேடாக்கி, மணல் கொட்டி, சுற்றிலும் காண் வெட்டுங்கள்.

கோழியைக் கிட்டே சேர்க்காதீர்கள். கோழிக் குடலில் ஒரு சிறு புழு உண்டு. அதன் முட்டையோடு ஒரு கிருமி மண்ணில் இறங்கும். அது கோழிக்கு அவ்வளவாக ஒன்றும் செய்யாது, மயிலின் ஈரலைத் தின்றுவிடும். புழு முட்டை மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். பழைய கோழிக்கூடு இருந்த இடம் வேண்டவே வேண்டாம். எச்சம் கந்தக மஞ்சளாக இருந்தால் அன்றைக்கே கால்நடை இலாகாவுக்கு ஓடுங்கள்.

நெல், சோளம் மட்டும் போதாது. வான்கோழித் தீவனமும் கீரையும் கொடுங்கள். தண்ணீரைத் தினம் மாற்றுங்கள். பிரட்டுக்குப் போகுமுன் யார் தீனி வைப்பது என்று முறை போட்டுப் பலகையில் எழுதி வையுங்கள். எல்லாரும் பார்ப்பாங்க என்றால் யாரும் பார்க்கமாட்டாங்க.

தோட்ட நிலம் நமக்குச் சொந்தமில்லை. கம்பம் நடுமுன் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நாளைக்குத் தோட்டம் கைமாறினால் வாய்ப்பேச்சு நிற்காது, கூடும் நிற்காது. பெர்ஹிலித்தான் என்கிற வனவிலங்கு இலாகாவிலும் லைசன்ஸ் பற்றிக் கேட்டுவிட்டே மயிலை வாங்குங்கள். நம் காடுகளில் இருந்த பச்சை மயில் அழிந்தே போய்விட்டது. அந்தக் கதி இன்னொன்றுக்கு வேண்டாம்.

தொழிலாளி வீட்டுக்குக் குறைந்தபட்ச வசதி வேண்டும் என்று 1990இல் சட்டமே வந்தது. நமக்கு நியாயமானது வாயில்லா ஜீவனுக்கும் நியாயம்தானே? இவ்வளவும் செய்ய ஆளும் பணமும் இருந்தால் மயிலைக் கொண்டு வாங்க. இல்லையா, கோயில் சுவரில் அழகாக ஒரு மயில் எழுதி வையுங்கள். முருகன் கோபிக்கமாட்டான்.