606601-ஐ வகுத்துப் பாருங்கள்

606601. எங்கள் திருவண்ணாமலையின் பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிய இந்த முறையில், முதல் இலக்கமான 6 தமிழகம், கேரளம் பக்கத்தைக் குறிக்கும். கடைசி மூன்று இலக்கங்கள் எந்த அஞ்சலகம் என்று சொல்லும். தபால்காரருக்கு இவ்வளவு போதும். கணக்கு வாத்தியாரான எனக்குப் போதாது.

திருவூடல் தெருவில் மாலையில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு முதலில் இந்த எண்ணைத்தான் கொடுப்பேன். "இது பகா எண்ணா, இல்லையா? கண்டுபிடிங்க."

ஒற்றைப்படை எண், ஆகவே 2 போகாது. இலக்கங்களைக் கூட்டினால் 19, 3 போகாது. கடைசியில் 1; 5-ம் இல்லை. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் 12, 7. வித்தியாசம் 5 என்பதால் 11-ம் போகாது. பிறகு 7, 13, 17 என்று வகுத்துக்கொண்டே போக வேண்டும். 41 வரை எல்லாவற்றுக்கும் மீதி நிற்கும். பல பிள்ளைகள் இங்கேயே "பகா எண்தான் சார்" என்று நோட்டை மூடிவிடுவார்கள். அடுத்தது 43. அதை 14,000-ஆல் பெருக்கினால் 6,02,000. மிச்சம் 4,601. அது 43 × 107. மீதியே இல்லை!

ஆக, 606601 = 43 × 14107. இந்த 14107-ஐ 43 முதல் 113 வரையுள்ள 17 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும்; எதுவும் போகாது. அதுவும் பகா எண்தான்.

பெருக்க அரை நிமிடம், பிரிக்க ஒரு மாலைப்பொழுது. இந்த ஏற்றத்தாழ்வை நம்பித்தான் 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் ஆர்எஸ்ஏ என்ற ரகசியக் குறிமுறையை அமைத்தார்கள். அந்த ஆண்டு அவர்கள் சவாலாக வெளியிட்ட 129 இலக்க எண்ணைப் பிரிக்க, 1994-ல் சுமார் 600 தன்னார்வலர்களின் கணினிகள் மாதக்கணக்கில் உழைத்தன. இன்று புழக்கத்தில் இருப்பவை 617 இலக்க எண்கள்.

ஓர் எண் பகா எண்ணா என்று மட்டும் அறிவது அவ்வளவு கடினமல்ல. அதற்கு நிச்சயமான, விரைவான வழி உண்டு என்று 2002-ல் நிரூபித்தவர்கள் ஐஐடி கான்பூரின் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயல், நிதின் சக்சேனா இருவரும். ஆனால் பகு எண்ணின் காரணிகளைப் பிரித்தெடுக்க, சாதாரணக் கணினிக்கு அப்படியொரு விரைவான வழி இன்னும் கிடைக்கவில்லை.

எண்ணைக் கூட்டி அதிர்ஷ்டம் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. 606601-ஐக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் 1 வரும். 9-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதே அதன் பொருள். அதற்கு மேல் அந்த ஒன்று எதையும் சொல்லாது. எண்ணின் உண்மையான குணம் அதன் காரணிகளில் இருக்கிறது. அதை யாரும் யாரிடமும் கேட்டு நம்ப வேண்டியதில்லை. தாளும் பேனாவும் எடுத்துத் தானே சரிபார்க்கலாம். கணக்கு தரும் பெரிய சுதந்திரம் இதுதான்.

உங்கள் ஊர் பின்கோடையும் வகுத்துப் பாருங்கள். ஆறு இலக்க எண்ணுக்கு ஆயிரத்தைத் தாண்ட வேண்டாம். அதற்குள் இருப்பவை 168 பகா எண்கள்தான்.