'சரிங்க' சொல்வதற்கு முன்

காலை ஏழு மணி. கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளில் பனி இன்னும் கலையவில்லை. லயத்து வாசலில் அந்த இளம் வழக்கறிஞர் கறுப்புக் கோட்டைக் கசங்காமல் காருக்குள் மாட்டிவிட்டு வந்து, அம்மா நீட்டிய தேநீரை வாங்கிக்கொண்டார். அம்மா பல ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். மகள் வழக்கறிஞராகி இது மூன்றாவது ஆண்டு. ஒன்பது மணிக்குள் தானா ராத்தா மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். நானும் அவரோடு கிளம்பினேன்.

"எழுதுங்கக்கா. ஆனா என் பேரு வேணாம். லோயர் தன்னை விளம்பரப்படுத்திக்கிறதுக்கு 2001-லேர்ந்து தனி விதியே இருக்கு. எதுக்கு வம்பு?" என்று சிரித்தார். எனவே பெயர் இல்லாமலே எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டி அவரை 'பாரிஸ்டர் பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறார். இங்கிலாந்தில் பொதுவாகக் கட்சிக்காரரைப் பார்த்து ஆவணங்களைத் தயாரிப்பவர் சொலிசிட்டர். நீதிமன்றத்தில் எழுந்து வாதாடுபவர் பாரிஸ்டர். இங்கே 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்படி இரண்டு வேலையையும் ஒருவரே செய்கிறார். சட்டம் படித்து முடித்ததும் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒன்பது மாதம் பயிற்சி. அதன் பிறகுதான் சொந்தமாக வழக்கு நடத்த முடியும்.

பின் இருக்கையில் மூன்று வகைக் கோப்புகள் கிடந்தன. ஒன்று குற்றவியல். இரண்டாவது, பாதுகாப்பு, லைசென்ஸ் போன்ற அரசு விதிகளை மீறியதாக வரும் வழக்குகள். மூன்றாவது, தாதி, ஆசிரியர் போன்றவர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கை. மூன்றும் வெவ்வேறு உலகம் என்றுதான் நினைத்தேன். மலைப்பாதை வளைவுகளில் அவர் சொல்லிக்கொண்டு வந்த கதைகளிலோ ஒரே ஒரு சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது: 'சரிங்க.'

முதல் கதை, முடிந்துபோன ஒரு வழக்கு. இரவுச் சந்தையில் அடிதடி. பக்கத்தில் நின்ற பையனையும் போலீஸ் அழைத்துப் போனது. அவன் பாதி தமிழிலும் பாதி மலாயிலும் சொன்னது தாளில் ஏறியது. "சரியா?" என்று கேட்டார்கள். "சரிங்க சார்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டான். அவன் சொல்லாத ஒரு வரியும் அதில் இருந்தது.

"குற்றவியல் நடைமுறைச் சட்டம் 112ஆவது பிரிவு என்ன சொல்லுது தெரியுமாக்கா? வாக்குமூலம் கொடுத்தவர் எந்த மொழியில சொன்னாரோ அதே மொழியில அவருக்குப் படிச்சுக் காட்டணும். திருத்தணும்னா திருத்த வாய்ப்புக் கொடுக்கணும். அப்புறந்தான் கையெழுத்து. தன்னைக் குற்றத்துல மாட்டிவிடுற கேள்விக்குப் பதில் சொல்லாம இருக்கவும் அதே பிரிவுல இடம் இருக்கு. இது நம்ம பிள்ளைங்களுக்குத் தெரியணும்."

வானொலியில் நான் இரண்டு விநாடி பேச்சை நிறுத்தினால் அது கோளாறு. காவல் நிலையத்தில் பேசாமல் இருப்பது உரிமையாக இருக்கலாம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கைது என்றதும் வீட்டில் எல்லாரும் அழுவார்கள். என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. அவர் சொன்னவற்றைக் குறித்துக்கொண்டேன். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைக் கலந்துபேச விட வேண்டும் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணையைத் தொடங்கும் முன் உறவினர் ஒருவரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ள விட வேண்டும் என்பது 2007இல் நடப்புக்கு வந்த 28ஏ பிரிவு. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றமென்றால் முதல் தடுப்புக் காவல் அதிகபட்சம் நான்கு நாள், இரண்டாவது மூன்று நாள்.

வழக்கறிஞருக்குக் காசு இல்லையா? 2012 முதல் இயங்கும் தேசிய சட்ட உதவி அறவாரியம் கைது, தடுப்புக் காவல் கட்டங்களில் மலேசியர்களுக்கு இலவசமாக வழக்கறிஞரைத் தருகிறது. அதன் பிறகு வருமானத்தைப் பார்ப்பார்கள். இவரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்.

இரண்டாவது கதை மருந்தடிக்கும் வேலையைப் பற்றியது. ஊரையும் தோட்டத்தையும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் எல்லாருக்கும் முகக்கவசமும் கையுறையும் கொடுத்தாகிவிட்டது என்ற படிவத்தில் மண்டோர் கையெழுத்துப் போடுவாராம். போடச் சொன்னார்கள், "சரிங்க" என்று போட்டார். ஒருநாள் ஒருவர் மயங்கி விழுந்தார். விசாரணை வந்தபோது மேசையில் இருந்தது மண்டோரின் கையெழுத்து மட்டுமே. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முதலாளிக்கான அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். உடனடி ஆபத்து இருந்து, சொல்லியும் முதலாளி சரிசெய்யவில்லை என்றால் தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ளலாம். இந்த உரிமையும் இப்போது சட்டத்தில் இருக்கிறது.

மூன்றாவது கதைதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. அவள் தோட்டத்தில் பிறந்து தாதியானவள். குடும்பத்தின் முதல் அரசு ஊழியர். ஒரு நோயாளிக்கு மருந்து மாறிவிட்டதாகப் புகார் வந்தது. விளக்கம் கேட்டுக் கடிதம் கையில் கிடைத்த அன்று இரவே, 'மன்னித்துவிடுங்கள், இனி நடக்காது' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்த வேளையில் அவள் பணியிலேயே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பயத்தில் எழுதிய மன்னிப்பு ஒப்புதலாகக் கோப்பில் ஏறிவிட்டது. அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கும் முன் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 135ஆவது விதி சொல்கிறது. வாய்ப்பு அவளுக்கும் கிடைத்தது. அதை அவள் மன்னிப்புக் கேட்கச் செலவழித்துவிட்டாள்.

"அந்தக் கோப்பைச் சரிபண்ண எட்டு மாசம் ஆச்சுக்கா. கடிதம் வந்தா முதல்ல கெடு தேதியைப் பாருங்க. ஒரு நாள் தூங்கி எழுந்து, யாருகிட்டயாவது காட்டிட்டு எழுதுங்க. இவ்வளவுதான்."

இந்த 'சரிங்க' எங்கிருந்து வந்தது? ஜே.ஏ. ரசல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். அந்தக் காலத்தில் மலாயாவின் தோட்டம் எதுவானாலும் துரை, கிராணி, மண்டோர் என்று மேலிருந்து வந்த சொல்லே சட்டம். எதிர்த்துக் கேட்டவருக்கு வேலை போகும். வேலையோடு வீடும் போகும். 'சரிங்க' அன்றைக்குக் குடும்பத்தைக் காப்பாற்றிய சொல். பேரப்பிள்ளைகளை அதுவே மாட்டிவிடுகிறது.

"லோயர்கிட்டயும் சும்மா சரிங்கன்னு சொல்லக்கூடாது" என்றார் அவர். வழக்கறிஞர் தவறு செய்தால் யாரும் வழக்கறிஞர் ஒழுங்கு வாரியத்தில் புகார் செய்யலாம். அபராதம், ஐந்தாண்டு வரை இடைநீக்கம், பட்டியலிலிருந்தே பெயர் நீக்கம் வரை தண்டனை உண்டு. "என்கிட்ட பணம் கொடுத்தா ரசீது கேளுங்கன்னு அம்மாவோட கூட்டாளிங்ககிட்டயே சொல்லிருக்கேன்."

நீதிமன்றத்தில் அன்று அவர் நின்றது பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனுக்காக. வழக்கு நடப்பதால் விவரம் வேண்டாம். குற்றச்சாட்டு மலாயில் வாசிக்கப்பட்டது. புரிந்ததா என்று கேட்டார்கள். பையனின் தலை ஆடத் தொடங்கியது. குற்றத்தை ஒப்புக்கொள்பவர் அதன் விளைவைப் புரிந்துகொண்டாரா என்று மாஜிஸ்திரேட் உறுதிசெய்யாமல் அதைப் பதிவு செய்யக்கூடாது. ஆனாலும் ஒரு தலையாட்டல் போதும், கதை வேறு பக்கம் திரும்பிவிடும்.

பையன் பாதியில் தலையை நிறுத்திவிட்டு வழக்கறிஞரைப் பார்த்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"புரியலீங்க" என்றான்.

மொழிபெயர்ப்பாளர் எழுந்து தமிழில் முதலிலிருந்து வாசித்தார். அவன் குற்றத்தை மறுத்து விசாரணை கோரினான். ஜாமீன் தொகையும் அடுத்த தேதியும் சொல்லப்பட்டன.

வெளியே காத்திருந்த அவன் அம்மா, "எதிர்த்துப் பேசிட்டானோ?" என்று பதறினார்.

"இல்லம்மா, கேட்டான். அவ்வளவுதான்" என்றார் வழக்கறிஞர்.