ரவிவர்மாவின் சரஸ்வதிக்கு ஏன் மயில்?

நவராத்திரியில் புத்தகங்களை அடுக்கி, அவற்றின் மேல் நாம் சாய்த்து வைக்கும் சரஸ்வதி படம் பெரும்பாலும் ரவிவர்மா 1896-ல் வரைந்த தைல ஓவியத்தின் வழி வந்ததுதான். "சரஸ்வதிக்கு அன்னம்தானே தாத்தா? இதில் ஏன் மயில்?" என்று என் பேத்தி கேட்டாள். மும்பையில் வளரும் நம் குழந்தைகளிடம் "சாமியைப் பற்றி அப்படியெல்லாம் கேட்கக்கூடாது" என்று சொல்லி வாயடைப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

மகாராஷ்டிரத்தில் சரஸ்வதிக்கு மயிலும் உண்டு. ரவிவர்மா இங்கே பல காலம் இருந்தவர். இன்னொரு காரணமும் இருக்கலாம் என்பது என் எண்ணம். தேவி உடுத்தியிருப்பது தூய்மையைக் குறிக்கும் வெள்ளைப் புடவை. பக்கத்தில் வெள்ளை அன்னத்தை வைத்தால் இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். மயிலின் நீலம் அந்த வெள்ளையை எடுத்துக் காட்டுகிறது.

சுவடி கல்விக்கு, மாலை தியானத்துக்கு, வீணை கலைக்கு. இது நமக்குத் தெரிந்ததே. மனித உடலில் நான்கு கைகளை இயல்பாகப் பொருத்துவதுதான் கடினம். தஞ்சாவூர் ஓவியத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே உருவம் தட்டையானது. இங்கோ ஒளியும் நிழலும் உண்டு, உடம்புக்குக் கனம் உண்டு. ரவிவர்மா வீணையைக் குறுக்கே சாய்வாக வைத்தார். நம் கண் அந்தச் சாய்வைப் பிடித்துக்கொண்டு, மீட்டும் விரல்களிடம் போய் நின்றுவிடுகிறது. பின்னிரு கைகள் தோளில் எங்கே சேருகின்றன என்று யாரும் தேடுவதில்லை. (பாலத்து இணைப்புகளையே பார்த்துப் பழகிய நான் தேடினேன்!) பாரம் முழுவதும் பாறையில் இறங்குவதால் தேவி உண்மையாகவே உட்கார்ந்திருக்கிறாள்.

படங்களை இப்படி அச்சிட்டுப் பரப்பலாம் என்று ரவிவர்மாவுக்கு யோசனை சொன்னவர், கும்பகோணத்தில் பிறந்த திவான் டி.மாதவராவ். 1894-ல் மும்பையில் தொடங்கிய அச்சகம் பிறகு லோனாவ்லாவுக்கு அடுத்த மளவலிக்குப் போயிற்று. புனே லைனில் போகிறவர்களுக்கு அந்த ஸ்டேஷன் தெரிந்திருக்கும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்; ஒரு கல் இம்மி நகர்ந்தாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும்.

பிற்காலத்துக் காலண்டர்க்காரர்கள் கடைப் பெயர் போட இடம் வேண்டி அடிப்பாகத்தை வெட்டிவிடுவது உண்டு. பாறை போனால் தேவி அந்தரத்தில் தொங்குகிறாள். முழுப் படத்தையும் காண விரும்புவோர் பரோடாவில் மகாராஜா ஃபதேசிங் மியூசியத்துக்குப் போகலாம். மூல ஓவியம் அங்கேதான் உள்ளது.